ஓடியதும் உழைத்ததும் உதவியதும் ஒரே பக்கத்தில்: வாரத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

நெடுநாள் வரை என் வாரம் மூன்று வெவ்வேறு இடங்களில் பதிவாகிக்கொண்டிருந்தது. எத்தனை நிமிடம் நடந்தேன், எத்தனை நிமிடம் ஓடினேன் என்பதைக் கைக்கடிகாரம் கணக்கு வைத்தது. எந்த வேலை எப்போது முடிந்தது என்பதை அலுவலக நாட்காட்டி காட்டியது. சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் தன்னார்வப் பணி எங்குமே பதிவாகாமல் மனத்தில் மட்டும் கிடந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது மூன்றும் நன்றாகவே நடப்பதாகத் தோன்றியது. ஆனால், ஞாயிறு மாலையில் உட்கார்ந்து ‘இந்த வாரம் எப்படிப் போனது?’ என்று என்னையே கேட்டுக்கொண்டால், களைப்பு என்ற ஒரே சொல்லைத் தவிர வேறு பதில் வரவில்லை.

காரணம் எளியது. உடற்பயிற்சிக்கும் வேலைக்கும் தொண்டுக்கும் தனித்தனி உடம்பு நமக்கு இல்லை. தூக்கம் கெட்டால் மூன்றிலும் கெடுகிறது, ஒன்றில் மிஞ்சிய களைப்பு அடுத்ததில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே மூன்றையும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒன்று மற்றொன்றை எப்படித் தொட்டது என்று தேடுவதுதான் வாரத்தைத் திரும்பிப் பார்ப்பதன் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள முறை அதைப் படிப்படியாகச் செய்வதற்கானது. ஓரிரு இடங்களில் என் குறிப்பேட்டின் ஒரு வாரத்தையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

ஒரு குறிப்பேடு போதும். கைபேசியில் எழுதுவதிலும் தவறில்லை; ஆனால் எழுதும் நேரத்தில் அதே திரையில் அலுவலகச் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தால் அந்த அமர்வு அங்கேயே முடிந்துவிடும் என்பதால், தாளையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு பக்கங்கள் எதிரெதிரே விரிந்திருக்கும்படி ஒரு வாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நாள்தோறும் எழுதும் வரிகளுக்கு, வலப்பக்கம் வார இறுதியில் எழுதும் சிந்தனைக்கு.

வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். எந்த நாளாக இருந்தாலும் சரி, அதை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. மாற்றினால் ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிட முடியாது. இரவில் 5 நிமிடமும் வாரக் கடைசியில் 40 நிமிடமும் ஒதுக்கினால் போதுமானது.

முதற்படி: ஒவ்வோர் இரவும் மூன்று வரிகள்

பலர் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வாரக் கடைசியில் மொத்தமாக எழுத நினைக்கிறார்கள். நானும் சில மாதங்கள் அப்படித்தான் செய்தேன். அந்தப் பக்கங்களை இன்று படித்தால் ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. செருமானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே நடந்துவிடுகிறது என்பதும், அதன் பிறகு மெதுவாகத்தான் தேய்கிறது என்பதும் அவர் கண்டது. செவ்வாய்க்கிழமையின் நுணுக்கங்கள் ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மறதியோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு அனுபவத்தை நினைவுகூரும்போது அதன் உச்சமான கணத்தையும் முடிவையும் வைத்தே முழுவதையும் எடைபோடுகிறோம் என்பதை டேனியல் கானெமனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கூட்டம் கசப்பாக முடிந்திருந்தால், திங்கள் முதல் வியாழன் வரை அமைதியாக நடந்த வேலை முழுவதும் அந்தக் கசப்பின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. அன்றன்று எழுதிய வரி இருந்தால்தான் அதை மறுத்துச் சொல்ல ஒரு சாட்சி இருக்கும்.

மூன்று வரிகள் என்றால் மூன்றே வரிகள்தான்: உடம்புக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, தொண்டுக்கு ஒன்று. அன்று தொண்டு இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். தீர்ப்பு எழுதாமல் நடந்ததை எழுதுவது இங்கே முக்கியம். ‘நல்ல பயிற்சி’ என்பது தீர்ப்பு. ‘40 நிமிடம் நடை, கடைசி ஏற்றத்தில் நிற்காமல் ஏறினேன்’ என்பது நடந்தது. ‘வேலையில் எரிச்சல்’ என்பதைவிட ‘ஒரே அறிக்கையை மூன்றாவது முறையாகத் திருத்தினேன்’ என்பது ஆறு நாள் கழித்தும் பேசும். கூடவே, முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்ற இரண்டு எண்களைப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். இந்த இரண்டு எண்களுக்கு இணையாக உதவிய வேறு எதையும் இத்தனை காலத்தில் நான் பார்க்கவில்லை.

இரண்டாம் படி: 168 மணி நேரத்தின் கணக்கு

வார இறுதி அமர்வை எண்களிலிருந்து தொடங்குவது நல்லது. உணர்ச்சியிலிருந்து தொடங்கினால் எண்களைப் பார்க்கும் பொறுமை பிறகு இருப்பதில்லை. வாரம் என்பது எல்லோருக்கும் 168 மணி நேரம். அதில் தூக்கம், வேலை, பயணம், பயிற்சி, தொண்டு ஆகியவற்றைக் கழியுங்கள். தொண்டுக்கான நேரத்தில் நேரடியாகப் பணி செய்த நேரத்தோடு அதற்கு ஆயத்தம் செய்ததையும் போய் வந்ததையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ‘இரண்டு மணி நேரம்தானே’ என்று ஒப்புக்கொண்ட பணி வாரந்தோறும் ஏன் நான்கு மணி நேரத்தை விழுங்குகிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

என் குறிப்பேட்டின் அந்த வாரம் இப்படி இருந்தது: தூக்கம் 45.5, வேலை 51, பயணம் 8, பயிற்சி 4.5, தொண்டு 4. ஆக மொத்தம் 113. மிச்சம் 55 மணி நேரம், அதாவது நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சமையல், குளியல், வீட்டு வேலை, குடும்பத்தோடு பேச்சு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்த 55-க்குள் அடங்க வேண்டும். துல்லியம் தேவையில்லை, அரை மணி நேரத்துக்கு முழுமைப்படுத்தினால் போதும். இந்தக் கணக்கில் நான் முதலில் தேடுவது தூக்கத்தைத்தான். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவத் துறையின் பரிந்துரை, வாரத்துக்கு 49. என் கணக்கில் 3.5 மணி நேரம் குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பகுதி ஒரே இரவில் நேர்ந்திருந்தது. அது எந்த இரவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: உடற்பயிற்சியில் நிமிடமும் உழைப்பும்

அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் வாரத்தைப் பார்ப்பது எளிது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சியோ, அல்லது இரண்டும் கலந்து அதற்கு இணையாகவோ செய்ய வேண்டும் என்கிறது. அதோடு முக்கியத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் குறைந்தது 2 நாள் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பல்வகைப் பயிற்சிகளை வாரத்தில் 3 நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதம் எது, கடுமை எது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். சில சொற்கள் பேசியதுமே மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் கடுமை.

நிமிடங்களை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் பதிவாகும். ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் பக்கத்தில், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். உழைப்பை உணர்வின் வழியே அளக்கும் இந்த எண்ணத்தை ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் வளர்த்தெடுத்தார். நிமிடத்தை அந்த எண்ணால் பெருக்கினால் பயிற்சியின் சுமை கிடைக்கும் என்ற எளிய வழியை அமெரிக்க விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பினார். பயிற்சி முடிந்த கையோடு எண்ணைப் போடாமல், சுமார் அரை மணி நேரம் கழித்துப் போடுவது நல்லது. கடைசிச் சில நிமிடங்களின் மூச்சிரைப்பு முழுப் பயிற்சியின் மதிப்பையும் தூக்கிவிடாமல் இருக்கும்.

அந்த வாரம் என் கணக்கு: திங்கள் 40 நிமிட நடை, கடினம் 3, புதன் 45 நிமிடம் பளு, கடினம் 6, வியாழன் 40 நிமிட நடை, கடினம் 3, சனி 70 நிமிட ஓட்டம், கடினம் 8, ஞாயிறு 75 நிமிடம் மெதுவான மிதிவண்டி, கடினம் 2. மொத்தம் 270 நிமிடம், சுமை 1,220. அதற்கு முந்தைய வாரத்தைப் புரட்டினால் அங்கும் 270 நிமிடம்தான். அதே பயிற்சிகள், அதே நாட்கள், சனிக்கிழமை ஓடியதும் அதே பாதைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு நான் போட்டிருந்த எண் 5, சுமை 1,010. கைக்கடிகாரத்தின் கண்ணுக்கு இரண்டு வாரங்களும் ஒன்று. என் உடம்புக்கு அப்படி இல்லை. பாதை மாறவில்லை, தூரம் மாறவில்லை, 210 எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட கேள்வி ஒன்று எழும்பினால் அந்த வாரத்தின் பக்கம் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். விடையை உடனே தேடாதீர்கள். வலப்பக்கத்தில் கேள்வியை மட்டும் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இன்னும் இரண்டு குறிப்புகள். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி நாடித்துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிவைத்தால், உங்கள் வழக்கமான எண் எது என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். ஒரு காலையில் அது வழக்கத்தைவிட நன்றாக ஏறியிருந்தால், களைப்பு தீரவில்லை அல்லது நோய் ஏதோ வரப்போகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். இரண்டாவது, புதிய பயிற்சியால் வரும் தசைவலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டித் தணியும். ஆகவே வியாழக்கிழமை வலிக்கிறது என்றால் காரணத்தைச் செவ்வாய், புதன்கிழமைகளில் தேடுங்கள். ஆனால் நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டில் வீக்கம் போன்றவை குறிப்பேட்டில் எழுதி ஆராய்வதற்கு உரியவை அல்ல. மருத்துவரிடம் போக வேண்டியவை.

நான்காம் படி: வேலையைப் பற்றி எழுதுவது

வேலையைப் பற்றி எழுதும்போது குறைகளின் பட்டியலாக அது மாறிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. அதைத் தடுக்க மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இந்த வாரம் முடிந்தது என்ன? முடியாமல் மனத்தில் நிற்பது என்ன? வேலை தன் வேலியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது எப்போது?

இரண்டாவது கேள்வி பலருக்கும் சுமையாகத் தோன்றும். ஆனால் முடியாத வேலையை எழுதிவிடுவதுதான் சுமையை இறக்கும் வழி. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி முன்னதிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெரோய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட கோப்பு சனிக்கிழமை ஓட்டத்திலும் நம்மோடு ஓடிவருவதை உணராதவர்கள் குறைவு. ‘இது இங்கே நிற்கிறது, திங்கள் காலை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவைத்தால், மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது.

மூன்றாவது கேள்விக்கு எண்ணால் விடை எழுதுங்கள். எந்த இரவு, எத்தனை மணி, எவ்வளவு நேரம். என் பக்கத்தில் அந்த வாரம் இருந்தது இது: ‘வெள்ளி இரவு 11.20, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில். 10 நிமிடம்.’ மொத்த வேலை நேரமான 51-இல் இந்தப் பத்து நிமிடம் கணக்கிலேயே வராது. ஆனால் இடப்பக்கத்தின் ஓரத்தில் அன்று படுத்த நேரம் 1 மணி என்றும், எழுந்த நேரம் 5.30 என்றும் இருந்தது. பதில் எழுதிய பத்து நிமிடத்துக்குப் பின்னால், அந்தப் பதிலுக்கு என்ன பதில் வரும் என்று விழித்துக்கிடந்த ஒன்றரை மணி நேரம் இருந்தது.

மொத்த மணி நேரத்தையும் கண்ணில் வைத்திருங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் ஏற்படும் ஆபத்து சுமார் 35 விழுக்காடும், இதயத்துக்கு இரத்தம் செல்வது தடைப்படும் நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 விழுக்காடும் கூடுதல். ஒரு வாரம் 55-ஐத் தொட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தொடர்ந்து நான்கு பக்கங்களில் அந்த எண் இருந்தால், அதைப் பற்றி உரியவரிடம் பேசுவதற்கான ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

அலுவலகத்தின் இரகசியத் தகவல்களையும் உடன் வேலை செய்பவர்களின் பெயர்களையும் எழுதாதீர்கள்.

ஐந்தாம் படி: தன்னார்வப் பணி

மூன்றிலும் இதுதான் எழுதுவதற்குக் கடினமானது. பயிற்சிக்கு நிமிடம் உண்டு, வேலைக்கு முடிந்தது முடியாதது என்ற கணக்கு உண்டு. தொண்டில் நாம் சென்றதனால் மற்றவருக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அதனாலேயே, ‘மனநிறைவாக இருந்தது’ என்ற ஒரே தொடரோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அது எழுதியவரைப் பற்றிய செய்தி. பணி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் அந்த வரியில் இல்லை.

இங்கே ஒரு சட்டகம் கைகொடுக்கும். செவிலியர், ஆசிரியர் பயிற்சிகளில் பரவலாகப் பயன்படும் ஒரு சுழற்சியைக் கிரகாம் கிப்ஸ் 1988-இல் வகுத்தார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது நன்று எது நன்றன்று, ஏன் அப்படி ஆயிற்று, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள். ஆறு கேள்விகளையும் ஒவ்வொரு வாரமும் நிரப்ப வேண்டாம். ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் இவற்றைக் கேளுங்கள். இரண்டு மணி நேரப் பணியையும் விவரிப்பதைவிட அரை நிமிடத்தை ஊன்றிப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும்.

நான் தேர்ந்தெடுத்த அரை நிமிடம் இது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையிலிருந்த ஒரு சிறுவன், ‘மழைக்காலத்தில்’ என்ற சொல்லின் கீழே விரலை வைத்து நின்றான். விரல் ‘ழை’யைத் தாண்டி ‘க்’கில் நின்றது. உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. நான் ‘மழைக்காலத்தில்’ என்று சொல்லிவிட்டேன். அவன் தலையை ஆட்டினான், நான் சொன்னதையே திருப்பிச் சொன்னான், விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினான். அவ்வளவுதான் நடந்தது. சனிக்கிழமை இரவு எழுதிய வரியில், ‘அவன் வாய் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன்’ என்று மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியைப் படித்தபோதுதான் அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவனுக்கு நேரம் போதவில்லை. அந்த நேரத்தைக் கொடுப்பதற்காகத்தான் நான் அங்கே போகிறேன், அதைக் கொடுக்கும் பொறுமை அன்று என்னிடம் இல்லை. அன்றைய வகுப்பில் எத்தனை பக்கம் வாசித்தோம் என்று எண்ணியிருந்தால், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாசித்திருந்தோம். எண்ணிக்கை நன்றாக இருந்தது. பிள்ளை வாசிக்கவில்லை, நான் வாசித்தேன்.

தொண்டைப் பற்றி எழுதும்போது சில ஒழுங்குகளை நான் விட்டுக்கொடுப்பதில்லை. உதவி பெறுபவரின் பெயரையோ, அவர் வீட்டு நிலையையோ, நோயையோ குறிப்பேட்டில் எழுதுவதில்லை. குறிப்பேடு தொலைந்துபோகக்கூடிய பொருள், அவருடைய வாழ்க்கை நம் நாட்குறிப்புக்கான சரக்கும் அன்று. வாக்குக் கொடுத்த நேரத்துக்குப் போனேனா என்பதை வாரந்தோறும் எழுதுகிறேன், ஏனென்றால் ஊதியம் இல்லாத பணியில் காலந்தவறுவதை யாரும் கேட்கமாட்டார்கள், காத்திருப்பவர் மட்டும் காத்திருப்பார். பிறர் துயரத்தைத் தொடர்ந்து பார்க்கும் பணியில் இருப்பவர்கள், நோயாளிகளோடும் முதியவர்களோடும் இருப்பவர்கள், ‘இந்த வாரம் எனக்கு உணர்ச்சி மரத்துப்போனதா?’ என்றும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்ற விடை தொடர்ந்து வந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி இடைவெளி எடுத்துக்கொள்வது முற்றிலும் சரியானது.

ஆறாம் படி: கோடு இழுப்பது

முன் சொன்ன ஐந்து படிகளும் இந்தப் படிக்கான ஆயத்தமே. இப்போது வலப்பக்கத்தில் எழுதிய மூன்று பகுதிகளையும் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உண்மையாகவே கோடு இழுங்கள், பேனாவால். வேலைப் பகுதியிலிருந்து பயிற்சிக்கு, பயிற்சியிலிருந்து தொண்டுக்கு, தொண்டிலிருந்து வேலைக்கு. எங்கெல்லாம் ‘இதனால் அது’ என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம்.

என் பக்கத்தில் வெள்ளி இரவு 11.20-இலிருந்து தொடங்கிய கோடு, 1 மணிக்குப் படுத்ததற்குப் போய், அங்கிருந்து சனிக்கிழமை ஓட்டத்தின் 8 என்ற எண்ணுக்குப் போய், அங்கிருந்து ‘அவன் வாய் திறக்கும் முன்’ என்ற வரிக்கு வந்து நின்றது. 210 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. நாலரை மணி நேரத் தூக்கத்தோடு 70 நிமிடம் ஓடி, இருந்த கொஞ்சநஞ்ச வலுவையும் பாதையில் விட்டுவிட்டு, வகுப்புக்குப் போனபோது என்னிடம் மிஞ்சியிருந்தது அவசரம் மட்டும்தான். மூன்று இடங்களில் மூன்று கணக்கு இருந்த காலத்தில் இந்தக் கோட்டை நான் பார்த்திருக்கவே முடியாது.

நல்ல கோடுகளும் உண்டு, அவற்றை இழுக்கத் தவறாதீர்கள். வியாழன் காலை நடையின்போது, புதன்கிழமை முழுவதும் அவிழாத ஒரு வேலைச் சிக்கலுக்கு வழி தோன்றியதாக எழுதியிருந்தேன். சிறுவனுக்கு ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டப் பழகியதனால், புதிதாக வந்த சக ஊழியர் ஒருவருக்கு வேலையைப் பிரித்து விளக்க முடிந்ததாக வேறொரு வாரத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாரத்தில் தோன்றும் தொடர்பு ஊகமே தவிர நிரூபணம் அல்ல. அன்று வெயில் கூடுதலாக இருந்திருக்கலாம், எனக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அதே கோடு நான்கு வாரங்களில் இரண்டு முறையாவது திரும்பி வந்தால் அந்தக் குறியை அடித்துவிட்டு நம்பலாம்.

ஏழாம் படி: ஒரே ஒரு மாற்றம்

பக்கம் நிறையக் குறைகள் தெரிந்ததும் எல்லாவற்றையும் அடுத்த வாரமே திருத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே மாற்றுவது பொதுவாகச் சிறந்தது. எனக்கு அது ஓட்டத்திலோ வகுப்பிலோ இல்லை, வெள்ளி இரவில் இருந்தது.

தீர்மானத்தை எழுதும் விதமும் முக்கியம். ‘சீக்கிரம் தூங்க வேண்டும்’ என்பது ஆசை. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்பதை ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவத்தில் முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், இலக்கை மட்டும் வைத்திருப்பவர்களைவிடக் கூடுதலாக அதை நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் தம் ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் எழுதினார். ஆகவே நான் எழுதியது: ‘வெள்ளி இரவு 9 மணி ஆனதும் கைபேசியை வேறு அறையில் வைப்பேன். மின்னஞ்சல் நினைவுக்கு வந்தால், குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுப்பேன்.’

அலுவலகம் அதற்கு இடம் தராத வேலைகளும் இருக்கின்றன என்பதை அறிவேன். இரவு அழைப்பை ஏற்க வேண்டிய மருத்துவமனை ஊழியரிடம் இந்தத் தீர்மானத்தைச் சொல்வது சரியாகாது. கோட்டின் தொடக்கத்தை மாற்ற முடியாதபோது நடுவில் அறுக்கலாம்: இரவுப் பணிக்கு மறுநாள் நீண்ட ஓட்டத்துக்குப் பதில் நடை, அல்லது தொண்டுக்கான நாளை வேறொரு நாளுக்கு மாற்றித் தரும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்பது. இரத்த தானம் செய்வதும் தொண்டுதான். அது செய்த நாளில் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்பதால், அதையும் வாரத் திட்டத்தில் முன்கூட்டியே குறித்துவிடுவது நல்லது.

வாரம் சிதறிப்போனால்

காய்ச்சல், ஊர்ப் பயணம், வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு என்று வாரம் முழுவதும் கைவிட்டுப் போகும். அப்போது பழைய நாட்களை நினைவிலிருந்து இட்டு நிரப்பாதீர்கள், ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வாரத்தைத் தொடங்குங்கள். நோயிலிருந்து எழுந்த வாரத்தில் பழைய 270 நிமிடத்தை ஒரேயடியாக எட்ட முயல வேண்டாம். முதலில் நடை, பிறகு நிமிடம், கடைசியில் கடினம் என்ற வரிசையில் கூட்டிக்கொண்டு போவது பாதுகாப்பானது.

நான்கு வாரங்களுக்கு ஒருமுறை

நான்கு வாரங்கள் சேர்ந்ததும், புதிதாக எதுவும் எழுதாமல், எட்டுப் பக்கங்களையும் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். கேள்விக்குறி இட்ட கோடுகளில் எவை திரும்பி வந்தன, எடுத்த மாற்றங்களில் எவை நிலைத்தன என்பதை மட்டும் பாருங்கள். அந்தக் கோடு எனக்கு மூன்றாம் வாரத்தில் மீண்டும் வந்தது: கைபேசியை எடுத்துவந்து பதில் எழுதிய ஒரு வெள்ளிக்கிழமையை அடுத்து, ஓட்டத்துக்கு 7, வகுப்பில் இரண்டு முறை அவசரம். அன்று கேள்விக்குறியை அடித்தேன்.

நான்காம் வாரத்தின் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. தூக்கம் 50. வேலை 49. பயிற்சி 270 நிமிடம், சனி ஓட்டத்துக்கு 5; ஆனால் தசை வலுவூட்டும் பயிற்சி இந்த வாரமும் ஒரே நாள்தான், இரண்டாவது நாள் நான்கு வாரங்களாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தொண்டு என்ற பகுதியில் எழுதியிருப்பது: ‘அதே சொல் இன்னொரு பக்கத்தில் வந்தது. மனத்துக்குள் பத்து வரை எண்ணலாம் என்று காத்திருந்தேன். மழை, மழைக், கா என்று போய், நான் ஏழு எண்ணும்போது முடித்துவிட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான்.’ அதன் கீழே அடுத்த வாரத்துக்கான ஒரு வரி: ‘திங்கள் நடை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், காலணியைக் கழற்றும் முன் 20 நிமிடம் பளு.’